ஜிம்ப்பில் ஒரு பிக்சல் பார்டர்: கறுப்பாக, கூர்மையாக வர என்ன செய்ய வேண்டும்?

கடைத்தெரு ஸ்டுடியோ

அனைவருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் அன்றாடப் பிழைப்பு. 4×6 தாளில் எட்டுப் படம் அடித்து வெட்டிக் கொடுப்பேன். படத்தின் பின்னணி வெள்ளை, தாளும் வெள்ளை. அதனால் ஒவ்வொரு படத்தையும் சுற்றி மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு இல்லையென்றால் எங்கே வெட்டுவதென்றே தெரியாது.

பதினைந்து வருடம் ஃபோட்டோஷாப்பில் செய்த வேலை இது. போன மாதம் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதியதில் ஜிம்ப் என்கிற இலவசப் பட மென்பொருளைப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கைக்கு வந்துவிட்டது, இந்தக் கோடு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

நான் செய்தது இதுதான். செவ்வக செலக்‌ஷன் எடுத்து 413க்கு 531 பிக்சல் என்று அளவு கொடுத்தேன் (300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில், 35க்கு 45 மில்லிமீட்டர்). எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் செலக்‌ஷன், அகலம் 1 பிக்சல், நிறம் கறுப்பு. வந்த கோட்டை ஜூம் செய்து பார்த்தால் இரண்டு பிக்சல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. ஓரத்தை வழுவழுப்பாகக் காட்ட இடைப்பட்ட நிறப் பிக்சல் சேர்க்கிற ஆன்டிஅலையசிங் டிக்கை எடுத்தும் பார்த்தேன். அப்போது கறுப்பாக வருகிறது, ஆனால் கோடு செலக்‌ஷனுக்கு உள்ளே விழுமா வெளியே விழுமா என்பது என் கையில் இல்லை.

நேற்று படம் வாங்க வந்த ஒரு அம்மா, "என்னப்பா, பென்சிலில் கோடு போட்டு அழித்த மாதிரி அழுக்காக இருக்கிறதே" என்று கேட்டுவிட்டார். அவர் சொன்னது சரிதான், அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு பிக்சல், சுத்தமான கறுப்பு, நான் சொல்கிற இடத்தில் விழ வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்கோடு

வணக்கம் அண்ணே. நீங்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை, ஜிம்ப்பும் தப்பாக வரையவில்லை. எதனால் இப்படி ஆகிறது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால் அப்புறம் எந்த மென்பொருளிலும் இந்தத் தொல்லை வராது. அதனால் காரணத்தை முதலில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். செலக்‌ஷனின் ஓரம் கட்டத்துக்குள் ஓடுவதில்லை. இரண்டு கட்டத்துக்கு நடுவே அச்சடித்திருக்கிறதே, அந்தக் கோட்டின் மேல் ஓடுகிறது. உங்கள் செலக்‌ஷன் இடமிருந்து 100ஆம் பிக்சலில் தொடங்குகிறது என்றால், அதன் ஓரம் 99ஆம் பிக்சலுக்கும் 100ஆம் பிக்சலுக்கும் இடையில் இருக்கிறது. அந்த இடத்தில் பிக்சல் என்று எதுவும் கிடையாது.

ஜிம்ப்பின் ஸ்ட்ரோக், அந்த ஓரத்தை நடுவாக வைத்துக் கோடு போடுகிறது. ஒரு பிக்சல் அகலம் என்றால் அரைப் பிக்சல் இந்தப் பக்கம், அரைப் பிக்சல் அந்தப் பக்கம். ஒரு கட்டத்தில் பாதியை மட்டும் கறுப்பாக்க முடியாது. அதனால் ஆன்டிஅலையசிங் இருக்கும்போது 99, 100 இரண்டுக்கும் பாதிப் பாதிக் கறுப்பு பூசுகிறது. அதைத்தான் நீங்கள் இரண்டு பிக்சல் சாம்பலாகப் பார்க்கிறீர்கள். டிக்கை எடுத்தால் அந்த அரையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று மென்பொருள் தானே முடிவு செய்துகொள்கிறது.

ஃபோட்டோஷாப்பின் எடிட், ஸ்ட்ரோக்கில் இன்சைட், சென்டர், அவுட்சைட் என்று மூன்று இருக்கும். நீங்கள் இத்தனை வருடம் இன்சைடில் வைத்து வேலை பார்த்திருப்பீர்கள். ஜிம்ப்பின் ஸ்ட்ரோக் செலக்‌ஷனில் சென்டர் மட்டும்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே கோடு போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கட்டத்தை முழுதாகக் கறுப்பாக்கி, உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது ஒரு பிக்சல் சட்டம். இப்படிச் செய்யுங்கள்:

செலக்‌ஷன் அப்படியே இருக்கட்டும். லேயர் மெனுவில் நியூ லேயர், ஃபில் வித் என்கிற இடத்தில் டிரான்ஸ்பரென்சி. முன்னணி நிறம் கறுப்பாக இருக்க, கண்ட்ரோலும் கமாவும் சேர்த்து அழுத்துங்கள், செலக்‌ஷன் முழுக்கக் கறுப்பாகிவிடும். இப்போது செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் (உள்பக்கம் சுருக்குவது), 1 பிக்சல். அப்புறம் டெலீட் விசை. கடைசியாகக் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்தி செலக்‌ஷனை விலக்குங்கள்.

இதில் எந்தப் பிக்சலும் பாதியாக நிரம்ப வாய்ப்பே இல்லை. ஒன்று முழுக் கறுப்பு, இல்லையென்றால் காலி. இரண்டு பிக்சல் வேண்டுமா, ஷ்ரிங்க்கில் 2 கொடுங்கள்.

பென்சில்

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லையே. அதே ஸ்ட்ரோக் செலக்‌ஷன் பெட்டியில் கீழே ஸ்ட்ரோக் வித் எ பெயின்ட் டூல் என்று இருக்கிறது. அதில் பென்சிலைத் தேர்ந்தெடுத்து, பிரஷ் அளவு 1 என்று வைத்தால் ஒரே சொடுக்கில் கறுப்புக் கோடு வந்துவிடும். பென்சிலுக்கு ஆன்டிஅலையசிங் கிடையாது, அதனால் மங்காது. நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

நுண்கோடு

பென்சிலில் கூர்மை வரும், மறுக்கவில்லை. ஆனால் இடம் தப்பும். இப்போதே செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்: 413 அகல செலக்‌ஷனுக்குப் பென்சில் போட்டு, கோட்டின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்தால் 414 வருகிறது. இடப்பக்கமும் மேற்பக்கமும் கோடு செலக்‌ஷனுக்கு உள்ளே விழுகிறது. வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெளியே விழுகிறது. ஓரம் 100இல் இருந்தால் 100ஆம் பிக்சலில் புள்ளி வைக்கிறது, ஓரம் 513இல் இருந்தால் 513ஆம் பிக்சலில் வைக்கிறது. ஆனால் செலக்‌ஷனின் கடைசிப் பிக்சல் 512தானே.

ஒரு பிக்சல்தானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் செலக்‌ஷன் படத்தின் வலது ஓரம் வரைக்கும் போயிருந்தால் அந்தப் பக்கக் கோடு படத்துக்கு வெளியே போய், கண்ணுக்கே தெரியாது. மூன்று பக்கம் மட்டும் கோடு இருக்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள், பாதிக்குப் பாதி இதுதான் காரணம்.

பென்சில்

சரிதான், இப்போது நானும் அளந்து பார்த்தேன். 414 தான் வருகிறது. இத்தனை நாள் கவனித்ததே இல்லை. நன்றி.

கடைத்தெரு ஸ்டுடியோ

நுண்கோடு தம்பி, நீங்கள் சொன்ன மாதிரி செய்தேன். படம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது, டெலீட் அழுத்தினால் வெள்ளையாகிவிட்டது. சுற்றிக் கோடு அருமையாக வந்திருக்கிறது, ஆனால் நடுவில் ஆள் இல்லை! எங்கே தப்பு விட்டேன்?

நுண்கோடு

புது லேயர் போடாமல் படத்தின் லேயரிலேயே நிரப்பிவிட்டீர்கள் அண்ணே. கண்ட்ரோல் இசட் அழுத்திப் பின்னால் வந்துவிடுங்கள், ஆள் திரும்பி வந்துவிடுவார். வலது பக்க லேயர் பட்டியலில் புது லேயர்தான் தேர்வாகி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

வெள்ளையானதற்கும் காரணம் உண்டு. கேமராவிலிருந்து வந்த ஜேபெக் படத்துக்கு ஆல்ஃபா சேனல், அதாவது எந்த இடம் ஒளிபுகும் என்கிற தகவல், இருக்காது. ஆல்ஃபா இல்லாத லேயரில் டெலீட் அழுத்தினால் ஓட்டை விழாது, பின்னணி நிறம் வந்து நிரம்பும். உங்கள் பின்னணி நிறம் வெள்ளை. ஒளிபுகும் புது லேயரில் செய்தால் ஓட்டை விழும், கீழே இருக்கிற முகம் தெரியும்.

இன்னொன்று. எட்டுப் படத்துக்கும் எட்டுத் தடவை இதைச் செய்ய வேண்டாம். ஒரே தடவை செய்து வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். 1800க்கு 1200 பிக்சலில் புதுப் படம் திறங்கள், 300 டிபிஐயில் அதுதான் 6×4 அங்குலம். நீளவாக்கில் நான்கு படம் 4×413, அதாவது 1652. மீதி 148 பிக்சலை ஐந்து இடைவெளிக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 29. உயரவாக்கில் 2×531, அதாவது 1062. மீதி 138 பிக்சலை மூன்று இடைவெளிக்குப் பங்கு போட்டால் 46. ஆக எக்ஸ் இடங்கள் 29, 471, 913, 1355. ஒய் இடங்கள் 46, 623. செவ்வகக் கருவியின் டூல் ஆப்ஷன்ஸில் இந்த எண்களை நேராகத் தட்டலாம், மவுஸால் இழுத்துக் கண்ணால் அளக்கவே வேண்டாம். முதல் செவ்வகத்துக்குப் பிறகு அதே டூல் ஆப்ஷன்ஸில் ஆட் என்கிற பயன்முறைக்கு மாற்றிக்கொண்டால் எட்டும் ஒரே செலக்‌ஷனாகச் சேர்ந்துவிடும். அப்புறம் ஒரே நிரப்பு, ஒரே ஷ்ரிங்க், ஒரே டெலீட். எட்டுச் சட்டமும் ஒன்றாக வந்து நிற்கும்.

இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு செவ்வகம் ஒட்டிக்கொண்டிருந்தால் செலக்‌ஷனுக்கு அது இரண்டு இல்லை, ஒரே பெரிய செவ்வகம். ஷ்ரிங்க் வெளி ஓரத்தை மட்டும் சுருக்கும், நடுக்கோடு வராது.

இந்தச் சட்ட லேயரை மேலே வைத்து, ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் சேமித்துவிடுங்கள். வாடிக்கையாளர் வரும்போது படத்தைக் கீழே இறக்கினால் வேலை முடிந்தது.

வலைத்தறி

கட்டம் போட்ட நோட்டு உவமையைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. நான் வலைப்பக்கம் செய்கிறவன். எச்டிஎம்எல் கேன்வாஸில் இதே பிரச்சினையோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். லைன்வித் 1 என்று கொடுத்து எக்ஸ் 3 என்கிற இடத்தில் செங்குத்துக் கோடு போட்டால் அது 2.5 முதல் 3.5 வரை பரவும். அதாவது இரண்டு பிக்சலில் பாதிப் பாதி. 3க்குப் பதில் 3.5 என்று கொடுத்தால் 3 முதல் 4 வரை, ஒரு முழுப் பிக்சல். கோடு பளிச்சென்று வந்துவிடும். அந்த அரையை எல்லா இடத்திலும் சேர்த்தேனே தவிர ஏன் சேர்க்கிறோம் என்பது இன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

எனக்கும் ஒரு கேள்வி. செய்முறைப் பதிவுகளுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதன் ஓரம் முழுக்க மெல்லிய சாம்பல் கோடு போடுவேன். கண்ட்ரோல் ஏ அழுத்தி முழுப் படத்தையும் செலக்ட் செய்து, நீங்கள் சொன்ன முறையில் ஷ்ரிங்க் கொடுத்தால் ஒன்றுமே சுருங்கவில்லை. டெலீட் அழுத்தினால் கோடும் சேர்ந்து போய்விடுகிறது.

நுண்கோடு

ஷ்ரிங்க் பெட்டியில் அளவுக்குக் கீழே ஒரு டிக் இருக்கும். செலக்‌ஷன் படத்துக்கு வெளியேயும் தொடர்வதாக வைத்துக்கொள் என்று பொருள். அது இருந்தால் படத்தின் ஓரத்தை ஜிம்ப் ஓரமாகவே எண்ணாது, அந்தப் பக்கம் சுருக்காது. டிக்கை எடுத்துவிடுங்கள், நான்கு பக்கமும் ஒரு பிக்சல் உள்ளே வரும்.

ஸ்கிரீன்ஷாட் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் படத்தை வேண்டிய அளவுக்குச் சிறிதாக்குங்கள், பார்டர் கடைசியில்தான். பெரிய படத்தில் ஒரு பிக்சல் கோடு போட்டுவிட்டு அப்புறம் பாதியாகக் குறைத்தால் அந்தக் கோட்டுக்கு அரைப் பிக்சல் இடம்தான் கிடைக்கும், மறுபடியும் சாம்பல்தான்.

பார்க்கும்போதும் 100 சதவீத ஜூமில் பாருங்கள், ஜிம்ப்பில் 1 என்ற எண்ணை அழுத்தினால் போதும். 67 சதவீதத்தில் பார்த்துவிட்டு ஒரு பக்கம் கோடு இல்லை என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். கோடு இருக்கிறது, அந்த ஜூமில் திரையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அச்சுமை

சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் ப்ரீ-பிரஸ் வேலை, அதாவது கோப்பை அச்சுக்குத் தயார் செய்கிற வேலை, பார்க்கிறேன். கணினியில் கோடு கூர்மையாக வந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். தாளில் என்ன ஆகிறது என்பதையும் பேசிவிடுவோம்.

300 டிபிஐயில் ஒரு பிக்சல் என்றால் 25.4ஐ 300ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 0.085 மில்லிமீட்டர். அச்சில் கோட்டை அளக்கிற பாயின்ட் கணக்கில், கால் பாயின்ட் கோடு 0.088 மில்லிமீட்டர். ஆக ஸ்டுடியோக்காரர் கேட்கிற கோடு கிட்டத்தட்ட கால் பாயின்ட். அச்சில் நாங்கள் துணிந்து போடுகிற மிக மெல்லிய கோடும் அதுதான். அதற்குக் கீழே போனால் தகட்டில் விழுமா, தாளில் பிடிக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. கறுப்பின் மேல் வெள்ளைக் கோடு விட வேண்டுமென்றால் அரைப் பாயின்டாவது வேண்டும், இல்லையென்றால் மை பரவி அடைத்துவிடும்.

இப்போது அந்தச் சாம்பல் கோட்டுக்கு வருகிறேன். ஆப்செட்டில் சாம்பல் மை என்று தனியாக இல்லை. கறுப்பு மையைச் சிறு சிறு புள்ளிகளாக வைத்துத்தான் சாம்பலாகக் காட்டுகிறோம். அங்குலத்துக்கு 175 வரிசைப் புள்ளி வைக்கிற 175 லைன் ஸ்கிரீனில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் தூரம் 0.145 மில்லிமீட்டர். கோட்டின் அகலமோ 0.085. புள்ளிகளுக்கு நடுவே இருக்கிற தூரத்தை விடக் கோடு ஒல்லி! அப்புறம் அது கோடாக எப்படி வரும்? விட்டு விட்டு, கடித்துப் போட்ட மாதிரித்தான் வரும். மேசை மேல் வைக்கிற இங்க்ஜெட் பிரின்டரும் சாம்பலைப் புள்ளி புள்ளியாகத்தான் தெளிக்கும். அந்த அம்மா அழுக்கு என்று சொன்னது அந்தப் புள்ளிகளாக இருக்கலாம்.

போன வருடம் ஒரு கல்யாணப் பத்திரிகை. ஓரத்தில் மெல்லிய மெரூன் கோடு, வடிவமைத்தவர் நான்கு நிறத்திலும் சதவீதம் கலந்து வைத்திருந்தார். நான்கு தகட்டில் ஒன்று முடியளவு நகர்ந்தது. மெரூன் கோட்டுக்குப் பக்கத்தில் ஊதாவாக இன்னொரு நிழல் கோடு. பத்திரிகை முழுக்க அப்படியே அடித்து முடித்த பிறகுதான் கவனித்தோம். கல்யாண வீட்டார் முகத்தை எப்படிப் பார்ப்பது? மறுபடியும் அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து மெல்லிய கோடு என்றால் ஒரே மையில், 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தக் கோப்பையும் நான் தகட்டுக்கு அனுப்புவதில்லை. கறுப்பென்றால் கறுப்புத் தகடு மட்டும். மற்ற மூன்றிலும் சுழியம்.

கடைத்தெரு ஸ்டுடியோ

அச்சுமை ஐயா, என்னிடம் இருப்பது இங்க்ஜெட்தான். நீங்கள் சொன்ன பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பழைய தாளில் கோடு முழுக்கப் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது. இந்தச் சட்ட முறையில் அடித்த தாளில் ஒரே கறுப்பாக ஓடுகிறது. கண்ணுக்குப் பழையதை விட ஒல்லியாகவும் தெரிகிறது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டில் காட்டினேன், கேட்காமலேயே புதியதைக் காட்டி இதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

வடமராட்சி

வணக்கம், யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் வடிவமைப்பது என் தொழில். நினைவு மலரில் படத்தை வட்டமாக வெட்டிச் சுற்றிவரக் கோடு கீறுவது வழக்கம். செவ்வகத்துக்கு உங்கள் முறை திறமாக வருகிறது. வட்டத்துக்கு அதே முறையில் கீறினால் சில இடத்தில் கோடு தடிப்பாகவும் சில இடத்தில் மெல்லியதாகவும் தெரிகிறது. ஆன்டிஅலையசிங்கை எடுத்துவிட்டால் படிக்கட்டு மாதிரி வருகிறது. வட்டத்துக்கு என்ன வழி தம்பி?

நுண்கோடு

அண்ணா, நல்ல கேள்வி. செவ்வகத்தின் ஓரம் கட்டங்களுக்கு நடுவே ஒழுங்காக ஓடுகிறது. வட்டத்தின் ஓரம் கட்டங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு பிக்சலில் முக்கால், அடுத்ததில் கால், அதற்கடுத்ததில் பாதி. அதனால் வளைவில் சாம்பல் பிக்சல்கள் வந்தே தீரும், அவைதான் கண்ணுக்கு வழுவழுப்பைத் தருகின்றன. அவற்றை எடுத்தால் படிக்கட்டு தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். ஆன்டிஅலையசிங்கை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

தடிப்பு மாறுவதற்கு வேறு காரணம். ஷ்ரிங்க், முழு முழுப் பிக்சலாகச் சுருக்குகிறது. செவ்வகத்துக்கு அது பொருந்தும், வளைவுக்குக் கொஞ்சம் முரடு. அதனால் வட்டத்துக்கு ஸ்ட்ரோக்கையே பயன்படுத்தலாம், ஒரு சின்னத் தந்திரத்தோடு. புது ஒளிபுகும் லேயர் போட்டு, ஸ்ட்ரோக் செலக்‌ஷனில் உங்களுக்கு வேண்டிய அகலத்தைப் போல இரண்டு மடங்கு கொடுங்கள். ஒரு பிக்சல் வேண்டுமென்றால் 2. பாதி உள்ளே, பாதி வெளியே விழும். இப்போது செலக்ட் மெனுவில் இன்வர்ட், அப்புறம் டெலீட். வெளியே விழுந்த பாதி போய்விடும். உள்ளே இருக்கிற பாதி, படத்தின் ஓரத்தோடு ஒட்டி, எங்கும் ஒரே தடிப்பில் நிற்கும். ஃபோட்டோஷாப்பின் இன்சைட் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

ஒட்டிய படத்தின் லேயர் அந்தப் படத்தின் அளவுக்கே இருக்கும். அந்த லேயரிலேயே ஸ்ட்ரோக் போட்டால் லேயருக்கு வெளியே விழுகிற பாதி வெட்டுப்பட்டுப் போகும், மேலே கீழே எல்லாம் கோடு தட்டையாகத் தெரியும். புது லேயர் முழுப் படத்தின் அளவில் இருக்கட்டும்.

வெளிப்பக்கம் கோடு வேண்டுமென்று க்ரோ (ஷ்ரிங்க்குக்கு எதிராக விரிப்பது) கொடுத்து நிரப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. க்ரோ மூலையை வட்டமாக்கும். 10 பிக்சல் விரித்துப் பாருங்கள், செவ்வகம் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். ஷ்ரிங்க்கில் செவ்வகத்தின் மூலை மூலையாகவே இருக்கும். ஃபோட்டோஷாப் ஸ்ட்ரோக்கிலும் அவுட்சைட் வைத்தால் மூலை உருண்டு வரும், இன்சைட் வைத்தால் கூராக வரும். கூர் மூலை வேண்டுமென்றால் எப்போதும் உள்பக்கமாக யோசியுங்கள். வெளியே வேண்டுமென்றால் பெரிய செவ்வகமாகவே எடுத்து அதிலிருந்து உள்ளே வாருங்கள்.

வடமராட்சி

இரண்டு மடங்கு கீறி வெளிப்பாதியை அழிக்கிற முறை மெத்த நல்லது. இன்றைக்கே ஒரு நினைவு மலரின் அட்டைக்குச் செய்தேன். அந்தக் குடும்பத்துக்கு அவர்களது அப்பாவின் படம் அது. கோடு துப்புரவாக வந்ததைப் பார்க்க மனதுக்கு நிறைவாக இருந்தது. நன்றி தம்பி.

புதுத்தூரிகை

அண்ணா, நான் கல்லூரி மாணவி. வாழையிலை, குத்துவிளக்கு மாதிரி படங்களை ஒத்த நிறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கிற ஃபஸி செலக்ட்டால் வெட்டி எடுத்து, சுற்றி வெள்ளை அவுட்லைன் போட்டு ஸ்டிக்கர் செய்கிறேன். செலக்ட் ஆன இடத்தைச் சுற்றி ஓடுகிற புள்ளிக்கோடு, அந்த எறும்பு வரிசை, சரியாகத்தான் ஓடுகிறது, நிரப்பிப் பார்த்தால் மட்டும் கோட்டைச் சுற்றி ஒரு மங்கலான புகை மாதிரி வருகிறது. ஏன்?

நுண்கோடு

எறும்பு வரிசை உண்மையில் பாதியைத்தான் சொல்லும் தங்கச்சி. செலக்‌ஷனில் ஒரு பிக்சல் முழுதாகவும் இருக்கலாம், 30 சதவீதம், 70 சதவீதம் என்று அரைகுறையாகவும் இருக்கலாம். எறும்பு ஓடுகிற இடம் 50 சதவீதக் கோடு. அதற்கு வெளியே 40, 20 என்று தேய்ந்துகொண்டே போகிற பிக்சல்களும் செலக்ட் ஆகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நிரப்பும்போது அவையும் கொஞ்சம் கொஞ்சம் நிறம் குடிக்கும். நீங்கள் பார்த்த புகை அதுதான். ஃபெதர் போட்டு ஓரத்தை மங்கலாக்கிய செலக்‌ஷன் என்றால் இன்னும் மோசம். (எறும்பு ஓடுகிற இந்த யோசனை 1984இல் வந்த மேக்பெயின்டில் பில் அட்கின்சன் கொண்டுவந்தது. நாற்பது வருடம் தாண்டியும் எல்லா மென்பொருளிலும் அதே எறும்புகள்தான் ஓடுகின்றன. எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.)

ஷிஃப்ட்டும் க்யூவும் சேர்த்து அழுத்தினால் குவிக் மாஸ்க் வரும். செலக்ட் ஆகாத இடம் சிவப்பாகவும், அரைகுறை இடம் வெளிர் சிவப்பாகவும் தெரியும். உண்மை நிலவரம் அங்கேதான் இருக்கிறது. ஓரம் கூராக வேண்டுமென்றால் செலக்ட் மெனுவில் ஷார்ப்பன் கொடுங்கள். பாதிக்கு மேல் இருப்பது முழுதாகும், கீழே இருப்பது கழன்றுவிடும்.

ஸ்டிக்கருக்கு என்றால் இதை விட எளிதான வழி இருக்கிறது. வெட்டி எடுத்த இலை தனி லேயரில், சுற்றி ஒளிபுகும் நிலையில் இருக்கட்டும். ஃபில்டர்ஸ், லைட் அண்ட் ஷேடோ, டிராப் ஷேடோ. எக்ஸ் 0, ஒய் 0, பிளர் 0. நிழலின் நிறம் வெள்ளை, ஒபாசிட்டி 1. க்ரோ ரேடியஸில் வேண்டிய தடிப்பு, 3 அல்லது 4. நிழல் நகராமலும் மங்காமலும் விரிந்து நின்றால் அதுவே அவுட்லைன். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0இல் இந்த ஃபில்டர் லேயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், நாளைக்கு 4 போதாது 6 வேண்டும் என்றால் திறந்து மாற்றிக்கொள்ளலாம். 2.10இல் ஒரு தடவை போட்டால் போட்டதுதான். எழுத்துக்கு அவுட்லைன் வேண்டுமென்றால் 3.0இல் டெக்ஸ்ட் கருவியிலேயே அதற்கு வசதி வந்துவிட்டது.

புதுத்தூரிகை

டிராப் ஷேடோ முறையில் குத்துவிளக்கு அப்படியே கடையில் வாங்கின ஸ்டிக்கர் மாதிரி வந்துவிட்டது! திரி நுனியில் கூட ஓரம் பிசிறில்லை. ஆனால் ஜேபெக்காகச் சேமித்துத் தோழிக்கு அனுப்பினேன், சிவப்பு அவுட்லைன் போட்ட இன்னொரு படத்தில் மட்டும் சிவப்பு கசிந்த மாதிரி இருக்கிறது.

நுண்கோடு

ஸ்டிக்கரை பிஎன்ஜியில்தான் சேமிக்க வேண்டும். ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணியும் தங்காது, மெல்லிய நிறக் கோடும் தங்காது. ஜேபெக் பெரும்பாலும் நிறத்தை வெளிச்சத்தை விடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கும், இரண்டுக்கு இரண்டு பிக்சலுக்கு ஒரே நிறம் என்கிற கணக்கில். ஒரு பிக்சல் சிவப்புக் கோடு பக்கத்துப் பிக்சலோடு நிறத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், அதுதான் கசிவு. ஜேபெக்தான் வேண்டுமென்று போட்டோ அடிக்கிற லேபில் கட்டாயப்படுத்தினால், எக்ஸ்போர்ட் பெட்டியில் தரம் 95க்கு மேல், சப்சாம்ப்ளிங் 4:4:4 (நிற நுணுக்கத்தைக் குறைக்காத அமைப்பு) என்று வைத்துக் கொடுங்கள்.

கடைத்தெரு ஸ்டுடியோ

எல்லோருக்கும் நன்றி. எட்டுச் சட்ட டெம்ப்ளேட் இப்போது கடையில் தினமும் ஓடுகிறது. இன்று ஒருவர் அமெரிக்க விசாவுக்கு 2×2 அங்குலம் கேட்டு வந்தார். 600க்கு 600 பிக்சல். அதே 4×6 தாளில் ஆறு படம் சரியாகப் பொருந்துகிறது என்று போட்டேன், நடுக்கோடு எதுவும் வரவில்லை.

நுண்கோடு

மூன்று அறுநூறு 1800, இரண்டு அறுநூறு 1200. ஒரு பிக்சல் கூட மிச்சமில்லை, ஆறும் ஒட்டிக்கொண்டு ஒரே செலக்‌ஷனாகிவிட்டது. ஓரம் விடாமல் பார்டர்லெஸ்ஸில் அடித்தால் பிரின்டர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தைத் தின்றுவிடும், ஆகவே வெளிக்கோடும் பாதி போய்விடும். இதற்கு 5×7 தாள் எடுங்கள் அண்ணே. 2100க்கு 1500 பிக்சல். நீளவாக்கில் இடைவெளி 75, உயரவாக்கில் 100. எக்ஸ் 75, 750, 1425. ஒய் 100, 800. ஆறு படமும் தாராளமாக உட்காரும்.

கடைத்தெரு ஸ்டுடியோ

போட்டுவிட்டேன் தம்பி. ஆறும் வந்துவிட்டது, கத்தரிக்கவும் நல்ல இடம் இருக்கிறது. எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.